ஆடு தீண்டாத இலை

அடையாறு புற்றுநோய் மருத்துவமனை 1954இல் 12 படுக்கைகளோடு தொடங்கப்பட்டது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி ஊர் ஊராக நிதி திரட்டி, பிடித்த பிடியில் நின்று சாதித்த இடம். முப்பது ஆண்டு கழித்து, 1984இல், குழந்தைகளைத் தாக்கும் ரத்தப் புற்றுநோய்க்கு அங்கே ஒரு புதுச் சிகிச்சை முறை நடைமுறைக்கு வந்தது. எம்.சி.பி. 841 என்பது அதன் பெயர். அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் இயன் மக்ராத்தும், அடையாறு, மும்பை டாடா மெமோரியல், தில்லி எய்ம்ஸ் ஆகிய மூன்று மருத்துவமனைகளின் மருத்துவர்களும் சேர்ந்து, நம் நாட்டு வசதிக்குள் செய்து முடிக்கும்படி வகுத்த முறை. அதுவரை ஐந்தில் ஒரு பிள்ளைகூடத் தேறாத நோயில், அதன்பின் ஏறத்தாழப் பாதிப் பிள்ளைகள் நான்கு ஆண்டு தாண்டியும் நோய் திரும்பாமல் வளர்ந்தார்கள்.

அந்த முறையில் ஊசியாகப் போடப்பட்ட மருந்துகளில் ஒன்று வின்கிரிஸ்டின். செல் இரண்டாகப் பிரியும்போது அதற்குள் நூல் நூலாக ஓர் இழை அமைப்பு உருவாகி, குரோமோசோம்களை இருபக்கமும் இழுத்துப் பிரிக்கும். வின்கிரிஸ்டின் அந்த இழைகள் உருவாகவே விடாது. கட்டுமீறிப் பெருகும் ரத்தச் செல்கள் பாதியில் நின்று மடியும்.

இந்த மருந்தைத் தரும் செடி அந்த மருத்துவமனையிலிருந்து சில கிலோமீட்டர் கிழக்கே, பெசன்ட் நகர்க் கடற்கரை மணலில் யாரும் நடாமலே வளரும். ஐந்து இதழ், வெள்ளை அல்லது ரோஜா நிறம், வருடம் முழுக்கப் பூ. நித்தியகல்யாணி. மயானங்களில் மண்டிக் கிடப்பதால் சுடுகாட்டு மல்லி என்றும் சொல்வார்கள். பூர்வீகம் மடகாஸ்கர் தீவு. எப்போது இங்கே கரையேறியதோ, வந்த நாள் முதல் இந்த மண்ணை விட்டுப் போகவில்லை. ராமநாதபுரம், தூத்துக்குடி மாவட்டங்களில் இதை மானாவாரிப் பயிராகவே போடுகிறார்கள். ஆறாம் மாதம் ஒருமுறை, ஒன்பதாம் மாதம் ஒருமுறை இலையை உருவி நிழலில் காய வைப்பார்கள். பன்னிரண்டாம் மாதம் வேரோடு தோண்டுவார்கள். வேலி போடத் தேவையில்லை. எருக்கையும் ஒரு கை பார்க்கிற வெள்ளாடுகூட நித்தியகல்யாணியை முகர்ந்துவிட்டு விலகிவிடும்.

ஆடு விலகிப்போவதற்கும் பிள்ளை பிழைப்பதற்கும் காரணம் ஒரே வகைச் சரக்குதான். செடி அதைச் சமைத்து வைத்திருப்பது தன்னைத் தின்ன வருபவர்களுக்காக. எப்போது சமைப்பது, எவ்வளவு சமைப்பது என்பதை நிர்ணயிக்கும் பொருள்களைத்தான் தாவர ஹார்மோன்கள் என்கிறோம். ஹார்மோன் என்றதும் நமக்குச் சுரப்பி, ரத்தம் எல்லாம் நினைவுக்கு வரும். செடிக்கு இரண்டும் கிடையாது. எந்தச் செல்லும் ஹார்மோனைச் செய்யலாம், எந்தச் செல்லும் அதைக் கேட்டு நடக்கலாம்.

காயம் பட்ட செடிக்குள் ஏதோ ஒரு செய்தி ஓடுகிறது என்பதை முதலில் சோதனையில் பிடித்தவர் கிளாரன்ஸ் ரயன். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் வேலை பார்த்தவர். உருளைக்கிழங்கு வண்டு ஓர் இலையைக் கடித்தால், கடிபடாத மற்ற இலைகளிலும் ஒரு வகைப் புரதம் பெருகுவதை அவரும் அவருடைய சக ஆய்வாளரும் 1972இல் சயன்ஸ் இதழில் எழுதினார்கள். அந்தப் புரதம் பூச்சியின் வயிற்றில் உள்ள செரிமான நொதியைப் பிடித்து முடக்கிவிடும். புழு வயிறு நிறையத் தின்னும். ஆனால் தின்ற புரதம் உடம்பில் ஒட்டாது. தக்காளியும் இதையே செய்கிறது. பூச்சிதான் வேண்டும் என்பதில்லை, இலையை நசுக்கினாலே போதும், சில மணி நேரத்தில் தொலைவில் உள்ள இலையும் தயாராகிவிடுகிறது. அப்படியானால் கடிபட்ட இடத்திலிருந்து ஏதோ கிளம்பிப் போயிருக்க வேண்டும். அது என்ன என்று தேடுவதில் ரயனின் ஆய்வகம் ஏறக்குறைய இருபது ஆண்டுகளைச் செலவழித்தது. 1991இல் 18 அமினோ அமிலங்கள் கோத்த ஒரு குட்டிப் புரதத் துண்டைத் தக்காளி இலையிலிருந்து பிரித்தெடுத்தார்கள். அதற்கு முந்தைய ஆண்டே, தேடாத திசையிலிருந்து இன்னொரு விடை வந்திருந்தது.

அமெரிக்காவின் வறண்ட மேற்கில் காட்டுமாசிபத்திரிக்கு உறவான ஒரு புதர் உண்டு. அதன் கிளையையும் ஒரு தக்காளிச் செடியையும் ஒரே கண்ணாடிப் பெட்டிக்குள் மூடி வைத்தார்கள். தக்காளியை யாரும் தொடவில்லை, கீறவில்லை. இருந்தும் அது பூச்சியெதிர்ப்புப் புரதத்தைச் சமைத்தது. புதரின் இலையிலிருந்து காற்றில் வந்த மீத்தைல் ஜாஸ்மோனேட் என்ற வாசனைப் பொருள்தான் செய்தியைச் சுமந்து வந்தது.

வாசனைத் தொழிலுக்கு இது பழகிய பொருள். 1962இல் எடுவார் டெமோலும் கூட்டாளிகளும் பிச்சிப்பூ எண்ணெயிலிருந்து இதைப் பிரித்திருந்தார்கள். மயிலாப்பூர் மாட வீதியில் சாதிமல்லி என்று கேட்டால் முழம் போட்டுத் தருவார்களே, அந்தப் பூதான். அதன் மணத்தில் ஒரு பங்கு இந்தப் பொருளால் வருவது. ஏறக்குறைய முப்பது ஆண்டுக் காலம் அதை அத்தருக்கு மட்டுமே உரியதாக நினைத்திருந்தவர்கள், அது செடிகளின் போர்க்கால உத்தரவு என்பதை 1990இல்தான் தெரிந்துகொண்டார்கள். இன்று ஜாஸ்மோனிக் அமிலமும் அதன் உறவினர்களான ஜாஸ்மோனேட்டுகளும் காயத்துக்கான தலைமை ஹார்மோன்களாகக் கருதப்படுகின்றன.

அந்த அமிலம் செடிக்குள் பிறக்கும் விதம், அறிந்தவரையில், மிகச் சிக்கனமான ஏற்பாடு. இலையின் பச்சையத் துகள்களைச் சுற்றி மெல்லிய கொழுப்புச் சவ்வு இருக்கிறது. அதில் லினோலெனிக் அமிலம் என்ற கொழுப்பு அமிலம் ஏராளம். ஆளிவிதை எண்ணெயில் இருப்பதும் இதுவே. இலை கடிபட்டதும் சவ்விலிருந்து இந்தக் கொழுப்பு அமிலம் விடுபடும். நொதிகள் வரிசையாக அதன்மேல் வேலை செய்து, வளையமாக முறுக்கி, நறுக்கி, ஓரிரு நிமிடத்துக்குள் ஜாஸ்மோனிக் அமிலமாக்கிவிடும். பிறகு ஐசோலூசின் என்ற அமினோ அமிலத்தோடு சேர்ந்தால்தான் அதற்கு அதிகாரம் வரும். இடிந்த சுவரின் கல்லை எடுத்தே எதிரிமேல் வீசுகிற கதை என்று ஒருவர் சொல்லக்கூடும். நான் அவ்வளவு வீரம் ஏற்ற மாட்டேன். கைக்கு எட்டிய சரக்கை எடுத்துக்கொண்டது பரிணாமம், அவ்வளவுதான்.

அமிலம் பிறந்த பின் நடப்பதைப் புரிந்துகொள்ள 2007 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பாதுகாப்பு மரபணுக்களை இயக்கும் புரதங்கள் எப்போதும் செல்லின் உட்கருவுக்குள்ளேயே தயாராக இருக்கின்றன. ஆனால் ஜாஸ் என்ற வகைத் தடைப் புரதங்கள் அவற்றைக் கட்டிப் போட்டிருக்கின்றன. ஹார்மோன் வந்து சேர்ந்ததும் தடைப் புரதங்கள் குப்பைக்கு அனுப்பப்பட்டுச் சிதைக்கப்படுகின்றன. கட்டு அவிழ்ந்ததும் நூற்றுக்கணக்கான மரபணுக்கள் ஒரே வீச்சில் வேலையைத் தொடங்கும். ஹார்மோன் எதையும் நேரடியாகத் தூண்டுவதில்லை, இருக்கும் தடையை அகற்றுகிறது. தடையை அகற்றுவது புதிதாக ஒன்றைச் செய்வதைவிட வேகமாக முடியும் என்பதால் இந்த ஏற்பாடு நிலைத்திருக்கலாம்.

தொலைவில் உள்ள இலைக்கு விஷயம் எப்படிப் போகிறது? ஜகதீஷ் சந்திர போஸ் கொல்கத்தாவில் தொட்டாற்சிணுங்கிக்குள் மின்துடிப்பு ஓடுவதைப் பதிவு செய்து, தாவரத்துக்கும் நரம்பு போன்றதோர் ஏற்பாடு உண்டு என்று 1926இல் ஒரு நூலே எழுதினார். அதை மேற்கில் பலர் நம்பவில்லை. சிலர் கேலியும் செய்தார்கள். 2018இல் மசாட்சுகு டொயோட்டா, சைமன் கில்ராய் ஆகியோர் கால்சியம் கூடினால் ஒளிரும்படி ஒரு சிறு செடியை மாற்றியமைத்து, அதில் புழுவை விட்டுப் படம் பிடித்தார்கள். கடித்த இடத்தில் வெளிச்சம் தோன்றியது. நொடிக்கு ஒரு மில்லிமீட்டர் அளவில் இலையின் நாளங்கள்வழியே பரவியது. ஓரிரு நிமிடத்தில் மற்ற இலைகளை எட்டியது. அந்த அலையைக் கிளப்பியது உடைந்த செல்லிலிருந்து கசிந்த குளுட்டமேட். அஜினோமோட்டோவில் இருக்கும் அதே குளுட்டமேட்தான். நம் மூளையில் நரம்புக்கு நரம்பு செய்தி கடத்துவதிலும் அதற்குப் பங்கு உண்டு. அலை போய்ச் சேர்ந்த இலைகளில் ஜாஸ்மோனிக் அமிலம் ஏறியது. போஸின் எல்லா முடிவுகளும் சரியாகிவிட்டன என்று இதைக் காட்டிக் கொண்டாடுகிறவர்கள் உண்டு, அது மிகை. செடிக்கு நரம்பு கிடையாது. ஆனால் அவர் பார்த்த துடிப்பு உண்மையானது, அதைப் பார்க்க மறுத்தவர்கள்தான் நஷ்டப்பட்டார்கள்.

இனி நித்தியகல்யாணிக்கு வருவோம். அதன் மருத்துவ குணம் வெளியானதே ஒரு விபத்து. கனடாவில் ராபர்ட் நோபிள் என்ற ஆய்வாளருக்கு ஜமைக்காவிலிருந்து இதன் இலைகள் வந்து சேர்ந்தன. அங்கே சர்க்கரை நோய்க்கு அதைக் கஷாயம் வைத்துக் குடிப்பார்கள். எலிக்குக் கொடுத்துப் பார்த்தார், சர்க்கரை குறையவில்லை. ஊசியாகப் போட்டபோது எலிகளின் ரத்தத்தில் வெள்ளணுக்கள் சரிந்து, தொற்று நோய் கண்டு செத்தன. வெள்ளணுவைக் குறைப்பது வெள்ளணுப் புற்றுக்கு மருந்தாகும் என்ற யோசனை அங்கே பிறந்தது. 1958இல் நோபிளும் சார்லஸ் பீரும் பிரித்தெடுத்தது வின்பிளாஸ்டின். அதன் தம்பியான வின்கிரிஸ்டின் 1963இல் அமெரிக்காவில் மருந்தாக ஒப்புதல் பெற்றது. நம் ஊரிலும் சர்க்கரைக்கு இந்தப் பூவைக் கொதிக்க வைத்துக் குடிக்கும் வழக்கம் இன்னும் இருக்கிறது. அந்த எலிகளின் கதையை அப்படிக் குடிப்பவர்களிடம் யாராவது சொன்னால் நல்லது.

இந்தச் செடி நூற்றுக்கு மேற்பட்ட ஆல்கலாய்டுகளைச் செய்கிறது. எல்லாமே ஸ்ட்ரிக்டோசிடின் என்ற ஒரே பொருளிலிருந்து கிளைத்தவை. அந்த ஸ்ட்ரிக்டோசிடினை அது வைத்திருக்கும் விதத்தை ஃபிரான்ஸின் தூர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2010இல் காட்டினார்கள். இலையின் மேல்தோல் செல்லுக்குள் திரவம் நிறைந்த பெரிய குமிழி ஒன்று இருக்கிறது. ஸ்ட்ரிக்டோசிடின் அதற்குள் கிடக்கும். அதை உடைக்கும் நொதி அதே செல்லின் உட்கருவுக்குள் கட்டுக்கட்டாக அடைந்து கிடக்கும். இரண்டும் சந்திப்பதில்லை. பாக்கும் சுண்ணாம்பும் வெற்றிலைப் பெட்டியில் பக்கத்துப் பக்கத்து அறையில் இருக்கும்வரை நிறம் மாறாமல் இருந்து, வாயில் போட்டு மென்றதும் சிவப்பது போல, புழு அந்தச் செல்லைக் கடித்த நொடியில் குமிழியும் உட்கருவும் கிழிந்து இரண்டும் கலக்கின்றன. பிறப்பது கையில் கிடைத்த புரதங்களையெல்லாம் ஒன்றோடொன்று பிணைத்துக் கட்டியாக்கும் ஒரு கொடிய பொருள். கடித்த புழுவின் வயிற்றில் அது வேலையைத் தொடங்கும்.

இது முதல் வரிசை. கடிபடுவதற்கு முன்பே தயாராக இருப்பது, ஹார்மோன் உத்தரவுக்குக் காத்திராதது. கடிபட்ட பின் சரக்கை நிரப்புவது ஜாஸ்மோனிக் அமிலத்தின் வேலை. நெதர்லாந்தின் லைடன் பல்கலைக்கழகத்தில் யோஹான் மெமெலிங்கும் சக ஆய்வாளரும் 2000இல் இந்தச் செடியில் ஓர்கா 3 என்ற மரபணுவைக் கண்டுபிடித்தார்கள். ஜாஸ்மோனேட் பட்டதும் ஓர்கா இயங்கும். ஓர்கா இயங்கினால் ஆல்கலாய்டு சமைக்கும் நொதிகளின் மரபணுக்கள் கூட்டமாக எழும். நித்தியகல்யாணியின் மருந்துச் சரக்கு, காய ஹார்மோனின் ஆணைக்குள் நேரடியாக வருகிறது என்பது இதோடு உறுதியானது.

அப்படியும் வின்கிரிஸ்டின் ஏன் அவ்வளவு அரிதாகக் கிடைக்கிறது? ஒரு கிராம் வின்பிளாஸ்டினுக்கு ஏறத்தாழ 500 கிலோ உலர்ந்த இலை தேவை. வின்கிரிஸ்டின் அதைவிடவும் குறைவு. இதற்கு விடை கனடாவின் ப்ராக் பல்கலைக்கழகத்தில் வின்சென்சோ டி லூக்காவின் குழுவிடமிருந்து 2010இல் வந்தது. இந்த மருந்து இரண்டு பாதிகள் சேர்ந்த மூலக்கூறு. ஒரு பாதி கதரான்தின், மற்றது விண்டோலின். இலையைக் குளோரோஃபார்மில் ஒரு கணம் முக்கி எடுத்தால், அதன் மேற்பூச்சு மெழுகு மட்டும் கரைந்து வரும். கதரான்தின் ஏறக்குறைய முழுதும் அந்த மெழுகோடே வந்துவிட்டது. விண்டோலினோ இலையின் உட்செல்களுக்குள்ளேயே இருந்தது. செடிக்குக் கதரான்தின் வெளியில்தான் வேண்டும். வேரை அழுகச் செய்யும் பைட்டோப்தோரா என்ற பூஞ்சை போன்ற நுண்ணுயிரியின் நீந்தும் வித்துகள் அதில் வளர முடியாமல் நிற்கின்றன, பூச்சிக்கும் அது நஞ்சு. ஆக, தற்காப்புக்காக வாசலில் தெளித்து வைத்த பொருளும் வீட்டுக்குள் இருக்கும் பொருளும் அபூர்வமாகச் சேர்ந்த இடத்தில் கிடைத்த துளிதான் நமக்கு மருந்தானது.

இதுவரை சொன்னது கடிக்கும் எதிரிகளைப் பற்றி. நோய்க்கிருமிகள் கடிப்பதில்லை. துரு நோய்ப் பூஞ்சை, சாம்பல் நோய்ப் பூஞ்சை, வைரஸ் போன்றவை உயிருள்ள செல்லுக்குள் குடியேறி அதை உயிரோடு வைத்தே தின்பவை. அவற்றுக்கு எதிராகச் செடிக்கு வேறொரு ஹார்மோன். 1961இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஃபிராங்க் ராஸ் புகையிலைச் செடியின் கீழ் இலையில் வைரஸைத் தேய்த்தார். சில நாள் கழித்து மேல் இலையில் அதே வைரஸைத் தேய்த்தபோது அங்கே விழுந்த புள்ளிகள் சிறியவையாகவும் குறைவாகவும் இருந்தன. செடிக்கு எதிர்ப்புச் சக்தி ஏறியிருந்தது. அந்தச் சக்தியைச் செயற்கையாக ஏற்ற முடியுமா என்று இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தில் ஆர்.எஃப். வைட் பல பொருள்களைச் சோதித்தார். 1979இல் அவர் வெளியிட்ட விடை, மருந்துக் கடையில் கிடைக்கும் ஆஸ்பிரின். அதைப் புகையிலை இலைக்குள் செலுத்தினால் வைரஸ் புள்ளிகள் குறைந்தன. செடி இயல்பாகச் செய்வது அதன் மூலப்பொருளான சாலிசிலிக் அமிலத்தை என்பதும், நோய் கண்ட செடியில் அது பெருகுகிறது என்பதும் 1990இல் நிறுவப்பட்டன. நோய் புகுந்த செல்லையும் அதைச் சுற்றியுள்ள சில செல்களையும் செடி தானே சாகடித்து, கிருமியைப் பட்டினி போடும். மற்ற இலைகளுக்கு எச்சரிக்கை போகும்.

இங்கேதான் சிக்கல். சாலிசிலிக் அமிலமும் ஜாஸ்மோனிக் அமிலமும் ஒன்றையொன்று அமுக்கும். தக்காளி இலையைக் காயப்படுத்துவதற்கு முன் ஆஸ்பிரின் கொடுத்தால், அது ஜாஸ்மோனிக் அமிலத்தைச் செய்யும் நொதியையே தடுத்துவிடுகிறது; பூச்சியெதிர்ப்புப் புரதம் எழுவதில்லை. நம் உடம்பில் ஆஸ்பிரின் வீக்கத்தை அடக்குவதும் இதற்கு வெகு பக்கத்து வழியில்தான்: அங்கே கொழுப்பு அமிலத்திலிருந்து பிறக்கும் ப்ரோஸ்டாகிளாண்டின் தடைபடுகிறது. செடியிலும் மனிதனிலும் காயத்தின் செய்தி கொழுப்பிலிருந்தே பிறப்பதும், இரண்டையும் ஒரே மாத்திரை அடக்குவதும் இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த தகவல்.

எத்திலீன் மூன்றாவது. கோயம்பேட்டு அறைகளில் வாழைத்தார் பழுக்க விடுகிற வாயு அது. பழுக்க வைப்பதோடு அதன் வேலை முடிவதில்லை. செத்த செல்லைத் தின்னும் அழுகல் பூஞ்சைகளுக்கு எதிராக அது ஜாஸ்மோனிக் அமிலத்தோடு கூட்டுச் சேரும். புழுவுக்கு எதிராகச் சில சமயம் பிரிந்து நிற்கும். குமரி மாவட்ட ரப்பர்த் தோட்டங்களில் பால் நில்லாமல் வடிய மரப்பட்டையில் தடவும் எத்திபான், மரத்துக்குள் போய் எத்திலீனாக மாறித்தான் வேலை செய்கிறது. எந்த நேரத்தில் யாரோடு யார் சேர்வார் என்பது இடத்தையும் எதிரியையும் பொறுத்து மாறும். இதை ஒரு படத்தில் வரைந்து காட்டும் பாடநூல்கள் எல்லாமே கொஞ்சம் பொய் சொல்கின்றன.

ஒன்றை உயர்த்தினால் மற்றது தாழும் என்கிற இந்தப் பலவீனத்தை எதிரிகள் கண்டுகொண்டுவிட்டார்கள். வெள்ளை ஈயைப் பாருங்கள். பருத்திக்காரர்களுக்கும் தக்காளி போடுபவர்களுக்கும் அதைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. அது இலையைக் கடிக்காது. ஊசி போன்ற வாயைச் செலுத்திச் சாற்றை உறிஞ்சும். செடி அதை நோய்க்கிருமியாக எண்ணிச் சாலிசிலிக் அமிலத்தை ஏற்றுகிறது. ஜாஸ்மோனிக் அமிலம் அமுங்குகிறது. ஈக்கு உண்மையில் தீங்கு செய்யக்கூடியது அந்த அமுங்கிய பக்கத்து ஆயுதம்தான். சூடோமோனாஸ் சிரிஞ்சே என்ற பாக்டீரியா எதிர்த் திசையில் ஏமாற்றும். அது ஜாஸ்மோனேட்டுக்கு உருவொத்த கொரோனட்டின் என்ற போலியைச் செய்து வெளியிடும். செடி புழுவுக்குத் தயாராகிக்கொண்டிருக்கும்போது, இலைத் துளைகள் திறந்து பாக்டீரியா உள்ளே நுழையும்.

எதிரிகளின் ரசாயன ஆயுதங்களைப் படித்த வரலாற்றில் சென்னைக்கும் ஒரு பங்கு உண்டு. சேப்பாக்கத்தில் சென்னைப் பல்கலைக்கழகத் தாவரவியல் ஆய்வகத்தை நடத்திய டி.எஸ். சதாசிவன், பருத்தி வாடல் நோயைத் தம் வாழ்நாள் வேலையாக எடுத்துக்கொண்டவர். ஃபியூசேரியம் என்ற மண் பூஞ்சை வேர்வழியே நுழைந்து, தண்ணீர் ஏறும் குழாய்களில் தங்கி, செழித்து நின்ற செடியைத் துவள வைக்கும். குழாய் அடைபடுவதால்தான் வாடுகிறது என்பது எளிய விளக்கம். பூஞ்சை சுரக்கும் நச்சுதான் காரணமா என்று அந்த ஆய்வகம் கேட்டது. ஃபியூசாரிக் அமிலம் சோதனைக் குழாயில் மட்டுமல்லாமல் நோயுற்ற பருத்திச் செடியின் உடம்புக்குள்ளேயே இருப்பதை 1955இல் லட்சுமிநாராயணனும் சுப்பிரமணியனும் நேச்சர் இதழில் தெரிவித்தார்கள். பிற்பாடு அந்தத் துறை உயராய்வு மையமாகி, அடையாற்றை ஒட்டிய கிண்டி வளாகத்துக்கு வந்தது. அங்கே ஏ. மகாதேவன், தாவரம் நோய்க்கு முன்பே தன் உடம்பில் வைத்திருக்கும் தடுப்புப் பொருள்களைத் தனி வகையாகப் பிரித்து எழுதினார். நித்தியகல்யாணியின் மெழுகில் இருக்கும் கதரான்தினை அவர் வகைப்பாட்டில் தயங்காமல் சேர்க்கலாம்.

சென்னைக்காரர்கள் பருத்தியில் பார்த்த அந்த ஃபியூசேரியத்துக்கு இன்னொரு தந்திரமும் உண்டு என்பது 2009இல் ஆஸ்திரேலியாவிலிருந்து தெரிய வந்தது. ஜாஸ்மோனேட்டைக் கேட்கும் காதே இல்லாத, மரபணு குறைபட்ட சிறு செடிகளை அந்தப் பூஞ்சையால் வாட வைக்க முடியவில்லை. பூஞ்சை செடியின் காய ஹார்மோன் பாதையையே தனக்குச் சாதகமாக்கித்தான் இலையை வாட்டுகிறது. ஜாஸ்மோனிக் அமிலத்தையே முதலில், 1971இல், ஒரு பூஞ்சையின் வளர்ப்புத் திரவத்திலிருந்துதான் பிரித்தார்கள். லாசியோடிப்ளோடியா என்ற அந்தப் பூஞ்சை, பொள்ளாச்சிப் பக்கத்துத் தென்னந்தோப்புகளில் இலைக் கருகலைக் கொண்டுவருவது. ஜிபெரலின் என்ற வளர்ச்சி ஹார்மோனையும் விஞ்ஞானம் தெரிந்துகொண்டது நெல்லை நோஞ்சானாக நெடுநெடுவென்று வளரச் செய்யும் ஒரு பூஞ்சையிடமிருந்தே. தாவரங்களின் ரகசியங்களை அவற்றின் எதிரிகள் நமக்கு முன்பே படித்து முடித்திருந்தார்கள்.

நித்தியகல்யாணிக்கும் ஓர் எதிரி உண்டு, அதைப் போன்ற கெட்டிக்காரனை நான் கேள்விப்பட்டதில்லை. சில செடிகளில் பூ பூவாக வராது. இதழ்கள் பச்சையாகி, இலையாகி, குட்டிக் கிளைக் கொத்தாகிவிடும். இது பைட்டோபிளாஸ்மா என்ற செல்சுவர் இல்லாத பாக்டீரியாவின் கைவரிசை. கத்தரியில் வரும் சிற்றிலை நோயும் அந்தக் குடும்பம்தான். அதை 1930களின் கடைசியில் முதலில் விவரித்தவர்கள் கோயம்புத்தூரில் இருந்த தாமஸும் கிருஷ்ணசாமியும். இலைத்தத்துப் பூச்சிகள்தான் இந்தப் பாக்டீரியாவைச் செடிக்குச் செடி கொண்டுபோகின்றன. பாக்டீரியா செடிக்குள் அனுப்பும் சாப் 11 என்ற புரதம், ஜாஸ்மோனிக் அமிலத்தின் உற்பத்தியைக் குறைப்பதை இங்கிலாந்தின் ஜான் இன்ஸ் மையத்தில் சாஸ்கியா ஹோகன்ஹவுட்டின் குழு 2011இல் நிறுவியது. ஹார்மோன் குறைந்த செடியில் தத்துப்பூச்சி கூடுதலாகக் குஞ்சு பொரிக்கும். குஞ்சுகள் பாக்டீரியாவைச் சுமந்துகொண்டு அடுத்த செடிக்குப் போகும். பூவை இலையாக்கும் இன்னொரு புரதமும் பூச்சிகளை இழுப்பதாக அதே குழு 2014இல் எழுதியது. கிருமி தனக்கு வண்டி ஓட்டுபவனுக்குச் செடியின் செலவில் விருந்து வைக்கிறது. உலகெங்கும் பைட்டோபிளாஸ்மா ஆய்வகங்கள் இந்தக் கிருமியை உயிரோடு வைத்திருக்கப் பயன்படுத்துவதும் நித்தியகல்யாணியைத்தான்.

இவ்வளவு எதிரிகள் இருக்கும்போது செடி எல்லா ஆயுதங்களையும் எப்போதும் தூக்கியே வைத்திருக்கக் கூடாதா? இயன் பால்ட்வின் 1998இல் காட்டுப் புகையிலையில் இதைக் கணக்குப் பார்த்தார். ஜாஸ்மோனேட் கொடுத்து ஆயுதம் ஏந்த வைத்த செடிகள், பூச்சித் தாக்குதல் இருந்த இடத்தில் கூடுதலாக விதை தந்தன. தாக்குதல் இல்லாத இடத்தில், சும்மா விட்ட செடிகளைவிடக் குறைவாகத் தந்தன. நிகோட்டின் செய்யச் செலவழிந்த நைட்ரஜன் விதைக்குப் போகவில்லை. ஜாஸ்மோனேட்டைப் பூச்சிமருந்து மாதிரி வயலெல்லாம் தெளிக்கலாமே என்று கேட்கிறவர்களுக்குப் பதில் இதில் இருக்கிறது.

ஆனால் உழவர்கள் அறியாமலே ஒரு நடுவழியைக் கையாண்டுகொண்டிருக்கிறார்கள். தமிழ்நாட்டில் உரக் கடைக்குப் போனால் சூடோமோனாஸ் என்று வெள்ளைப் பொடி கிடைக்கும். ஒரு கிலோ நெல் விதைக்கு 10 கிராம் கலந்து விதை நேர்த்தி செய்வார்கள்; நாற்றின் வேரை அதன் கரைசலில் நனைத்தும் நடுவார்கள். டால்க் பொடியில் நெடுநாள் உயிரோடு இருக்கும்படி அந்தப் பாக்டீரியாவைக் கலக்கும் முறையைத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் பி. வித்யாசேகரனும் முத்தமிழனும் உருவாக்கி 1995இல் வெளியிட்டார்கள். முன்சொன்ன சிரிஞ்சேயின் சாதுவான ஒன்றுவிட்ட சகோதரன் இது, ஃபுளோரசன்ஸ் இனம். வேரைச் சுற்றிக் குடியிருந்து சில பூஞ்சைகளை நேரடியாக அடக்கும். அதற்கும் மேலே இன்னொன்று செய்கிறது: வேரில் அது தங்கினால், மண்ணுக்கு மேலே உள்ள இலைகள் நோய் வருவதற்கு முன் அமைதியாக இருந்து, வந்தவுடன் வழக்கத்தைவிட வேகமாக எதிர்க்கின்றன. நெதர்லாந்தில் கார்ன பீட்டர்சின் குழு இதே வகைப் பாக்டீரியாவைக் கொண்டு 1998இல் காட்டியபடி, இந்த எதிர்ப்பு சாலிசிலிக் அமிலம் இல்லாமலே நடக்கும்; ஜாஸ்மோனிக் அமிலத்தையும் எத்திலீனையும் கேட்கும் திறன் மட்டும் இருந்தாக வேண்டும். ஆயுதத்தைத் தூக்கவில்லை, தூக்க எடுக்கும் நேரத்தைக் குறைத்திருக்கிறது. அதனால் விளைச்சலில் பெரிதாகக் கை வைப்பதில்லை. வித்யாசேகரன் பின்னாளில், 2015இல், தாவர ஹார்மோன்கள் நோயெதிர்ப்பை நடத்தும் விதம் பற்றியே ஆங்கிலத்தில் ஒரு தடித்த நூல் எழுதினார். கோவையில் பொடி தயாரித்தவரே அந்தப் பொடிக்குப் பின்னால் இருக்கும் கோட்பாட்டையும் எழுதியதில் எனக்கு ஒரு நிறைவு உண்டு.

மருந்து விஷயத்திலும் ஜாஸ்மோனேட்டைப் பயன்படுத்திப் பார்த்தார்கள். நித்தியகல்யாணியின் செல்களைத் தொட்டியில் திரவத்தில் வளர்த்து, மீத்தைல் ஜாஸ்மோனேட்டை ஊற்றினால், செடியே இல்லாமல் மருந்து கிடைக்காதா என்பது கேள்வி. கடிபடாமலே கடிபட்டதாக நினைத்துக்கொண்டு அந்தச் செல்கள் ஆல்கலாய்டுகளைக் கூடுதலாகச் செய்தன. இதே வழியில் 1996இல் ஜப்பானியர்கள் யூ மரச் செல்களிலிருந்து டாக்சால் என்ற புற்றுநோய் மருந்தைப் பன்மடங்கு பெருக்கிக் காட்டினார்கள். நித்தியகல்யாணி மட்டும் மசியவில்லை. கதரான்தின் வந்தது, விண்டோலின் வரவில்லை. விண்டோலினின் கடைசிப் படிகளுக்கு முழு இலையின் சிறப்புச் செல்கள் வேண்டும், வெளிச்சம் வேண்டும். தொட்டியில் மிதக்கும் செல்லுக்கு இரண்டும் இல்லை. உத்தரவு சரியாகப் போய்ச் சேர்ந்தது, நிறைவேற்றும் பணிமனைதான் அங்கே கட்டப்படவில்லை.

2022இல் ஜே கீஸ்லிங்கின் குழு வேறு வழியில் போனது. 30க்கும் மேற்பட்ட அயல் மரபணுக்களை ஈஸ்டுக்குள் புகுத்தி, மாவைப் புளிக்க வைக்கும் அந்த நுண்ணுயிரை விண்டோலினும் கதரான்தினும் செய்ய வைத்தார்கள். கிடைத்த அளவு மிகச் சொற்பம். ஈஸ்டுக்குப் புழுவும் இல்லை, ஜாஸ்மோனேட்டும் தேவையில்லை. ஆராய்ச்சியாளர்கள் வைத்த விசையில் மரபணுக்கள் இயங்கின. இருந்தும் இரண்டு பாதிகளையும் மருந்தாக இணைக்கும் கடைசி வேலையை ஈஸ்ட் செய்யவில்லை. அவற்றைத் தனித்தனியே எடுத்து, குடுவையில் ரசாயன முறையில்தான் சேர்க்க வேண்டியிருந்தது.